பல கணினியும் ஒரு மனையும்

இந்நாளில் நடுத்தரக் குடும்பத்தார் மனையிற் கணினி ஒன்றே இருத்தல் அரிதாகிவிட்டது. தந்தையார் பத்தாண்டுகட்கு முன் வாங்கிய மேசைக் கணினி கூடத்தின் ஒரு மூலையில் இருக்கும். அதில் விண்டோஸ் இயங்கும். தமையனார் பள்ளியிற் பயின்ற காலத்துத் தமிழ்நாட்டரசார் விலையின்றி அளித்த மடிக்கணினி மற்றொரு மூலையில் இருக்கும். பழைமையால் நடை தளர்ந்த அதனுள் நண்பர் யாரேனும் லினக்ஸை நிறுவிக் கொடுத்திருப்பர். வெளியூரிற் பணிபுரியும் தமக்கையார் விடுமுறைக்கு வருங்கால் ஆப்பிள் நிறுவனத்தாரது மேக் கணினியைக் கொணர்வார். கைபேசிகளோ ஆளுக்கொன்று. இங்ஙனம் ஒரு கூரையின்கீழ் மூன்று நான்கு குலத்துப் பொறிகள் குடியிருக்கின்றன. ஆயினும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

இந்நிலை இனி மிகுமேயன்றிக் குறையாது. 2025 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14 ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அளித்து வந்த பொதுவான ஆதரவு முடிவெய்தியது. அதன் பின்னோனாகிய விண்டோஸ் 11 பழைய பொறிகள் பலவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை எறிந்துவிட மனமில்லாதார் அதனுள் லினக்ஸை நிறுவிக்கொள்கின்றனர். ஆகவே விண்டோஸும் லினக்ஸும் மேக்கும் ஒரே மனையில் உடனுறைதல் பொது வழக்காகி வருகின்றது.

உடனுறைந்தும் உறவாடாமையால் விளையும் இடர்ப்பாடு சிறிதன்று. கூடத்துக் கணினியிற் கிடக்கும் திருமணப் புகைப்படம் ஒன்றை அடுத்த அறைக் கணினியிற் காணவேண்டின் நம்மவர் செய்வது யாது? பென்டிரைவைத் தேடுவர், அது பெரும்பாலும் அகப்படாது. பின்னர் வாட்ஸப்பில் அனுப்புவர். பத்தடி செல்லவேண்டிய படம் தெருவில் இறங்கி, ஊரைக் கடந்து, எங்கோ உள்ள பெருங்கணினியொன்றை அடைந்து, மீண்டும் வந்து அடுத்த அறையிற் புகுகின்றது. வழியில் அதன் நுணுக்கமும் தேய்ந்துவிடுகின்றது. படமாக அனுப்பப்படுவனவற்றை அச்செயலி சுருக்கியே கொண்டு செல்லும். இஃதன்றி, ஒரே கட்டுரைக்கு மூன்று கணினியில் மூன்று படிகள் தோன்றி, எது திருத்திய படி, எது திருத்தாத படி என்றறியாது மயங்குதலும் உண்டு. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணும் பயிற்சி தமிழ் மாணவராகிய எமக்கு உண்டெனினும், நேற்று எழுதிய கட்டுரைக்கே பாடபேதம் காண நேர்வது நகைப்பிற்கு இடனன்றோ!

இக்குறையைக் கடைக்காரரிடம் முறையிடின் அவர் தரும் மருந்து ஒன்றே: எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தாரிடம் வாங்கிவிடுங்கள் என்பர். அவ்வுரை பொய்யன்று. ஒரு நிறுவனத்தார் பொறிகள் தம்முள் இனிது பழகுமாறு செய்யப்பட்டவை என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின், அம்மருந்தை உண்ணுதற்கு நல்ல பொறிகள் இரண்டு மூன்றைக் கழித்தல் வேண்டும். பெரும்பொருள் செலவிடல் வேண்டும். அதன்பின் அடுத்த பொறியை வாங்குங்காலும் அந்நிறுவனத்தார் வாயிலிலேயே நிற்றல் வேண்டும். அவர் விலையை உயர்த்தினும், ஒரு வசதியை நிறுத்தினும், பழைய பொறியைக் கைவிடினும் நாம் கேட்டற்கு வழியில்லை. வேறு கணினியொன்றைக் கொணர்ந்த மருமகளோ, பேரனோ அம்மனையிற் புறத்தாராய் நிற்பர்.

வேறுபட்ட கணினிகள் ஒரு மனையில் இருத்தல் குறையன்று என்பது எமது துணிபு. அவற்றை இணைத்தற்குரிய பொதுமொழிகள் நெடுங்காலமாக உள, செலவின்றிக் கிடைக்கின்றன, நம் வீட்டுப் பொறிகளுள்ளேயே உறங்குகின்றன. அவற்றை எழுப்பாமையே குறை. புதிதாய் ஒன்றை வாங்குங்காலும் அதன் பெயர்ப்பட்டத்தை நோக்காது, பொதுமொழி பேசுமோ என்று வினாவி வாங்குதலே அறிவுடைமை.

முதற்கண், மனையிலுள்ள ரௌட்டரை நோக்குவோம். அதனை இணையத்தை வருவிக்கும் குழாய் என்றே பலர் கருதுகின்றனர். உண்மையில் அது மனையின் தபால் நிலையம். அங்கே வந்து சேரும் ஒவ்வொரு கணினிக்கும், கைபேசிக்கும் அது ஓர் எண்முகவரி வழங்குகின்றது. ஒன்று மற்றொன்றிற்கு எழுதுவதை முகவரி நோக்கிச் சேர்ப்பிக்கின்றது. இம்முறைக்கு அடிகோலியோர் விண்ட் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர். 1974 இல் அவர் வெளியிட்ட கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல் நம் மனைச் சிக்கலேயாம்: வெவ்வேறு வகையினவாகிய வலைகளை ஒன்றோடொன்று பேசச் செய்தல் எங்ஙனம்? ஒவ்வொரு வலையும் தன் உள்வழக்கத்தைத் தான் வைத்துக்கொள்க. வெளியே செல்லும் கடிதத்தின் உறைமட்டும் யாவர்க்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட விடை. 1983 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாளன்று அர்ப்பாநெட் என்னும் அமெரிக்க வலை இம்முறைக்கு மாறியது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்டிராய்டு ஆகிய யாவும் இன்று இவ்வுறையிலேயே எழுதுகின்றன. எனவே நம் மனைக் கணினிகள் ஒன்றையொன்று அறியா என்றல் பிழை. அறியும், ஆயின் ஒன்று மற்றொன்றன் பெட்டியைத் திறத்தற்கு நாம் இசைவு தரவில்லை.

மனைக்குள் வழங்கும் முகவரிகள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். உலகிற்கென வகுத்த பழைய முகவரிகள் மொத்தம் 4,294,967,296 மட்டுமே, பொறிகளோ பெருகின. ஆகவே 1996 இல் சில எண்தொகுதிகளைத் தனிமனைகட்கும் அலுவலகங்கட்கும் என ஒதுக்கினர். நம் வீட்டில் 192.168.1.5 என்று ஒரு கணினி இருப்பின், பக்கத்து வீட்டிலும் அதே எண்ணுடைய கணினி இருக்கலாம். மயக்கம் நேராது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாடியறை இருத்தல் போன்றது அது. மாடியறை என்று சொன்னால் வீட்டார்க்கு விளங்கும். தபாற்காரர்க்கு அது வேண்டுவதில்லை.

இனிக் கோப்புகளைப் பகிரும் மொழி. இதன் வரலாறு சுவையுடையதாகலின் சிறிது விரித்துரைப்பாம். ஒரு கணினியிலுள்ள கோப்பை மற்றொரு கணினி தன் கோப்பே போலத் திறத்தற்கும் எழுதுதற்கும் உரிய மொழிகளுள் ஒன்றற்கு எஸ்எம்பி என்பது பெயர். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்திற் பிறந்து மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் வளர்ந்தது அது. விண்டோஸ் கணினிகள் தம்முள் அதனையே பேசின. யூனிக்ஸ் மரபினவோ, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1984 இல் வெளிக்கொணர்ந்த என்எஃப்எஸ் என்னும் மொழியைப் பேசின. ஆப்பிளார்க்கு வேறொரு மொழி. இங்ஙனம் மும்மொழி வழங்கிய காலத்து, 1991 ஆம் ஆண்டின் இறுதியில், கான்பெரா நகரிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரு டிரிஜெல் என்னும் ஆராய்ச்சி மாணவர் ஒரு சிறு வேலையை மேற்கொண்டார். பாத்வொர்க்ஸ் என்னும் மென்பொருள் வழியே தம் மேசைக் கணினி வேறொரு கணினியின் கோப்புகளைப் பெறுவது போல, சன் நிறுவனக் கணினியிலுள்ள கோப்புகளையும் பெறல் வேண்டும் என்பது அவர் விருப்பம். அம்மொழிக்கு இலக்கணநூல் அவர் கையில் இல்லை. ஆகவே வடத்தின்வழிச் செல்லும் செய்திகளை உற்றுக் கேட்டார். இன்ன வினாவிற்கு இன்ன விடை என்று குறித்தார். குறிப்பினின்று இலக்கணம் வகுத்தார். பிற்காலத்து அவர் இதற்கு ஓர் உவமை கூறினர்: பிரெஞ்சு அறியாதான் ஒருவன் பிரெஞ்சு நாட்டு உணவு விடுதியில் அமர்ந்து, உண்பார் சொல்லும் சொல்லையும் பரிமாறுவோர் கொணரும் பண்டத்தையும் ஒருங்கே குறித்துக்கொண்டு மொழி பயிலுதல் போன்றது தம் முறை என்றனர். வழக்கை நோக்கி இலக்கணம் வகுத்தல் நம் முன்னோர் கண்ட நெறியே. அஃது ஒரு கணினிக் கூடத்திலும் பயன்பட்டமை எமக்கு மிக்க உவகை தருகின்றது.

ஏறத்தாழ ஈராண்டுகள் அவ்வேலை உறங்கிக் கிடந்தது. பின்னர்த் தம் இல்லத்தில் மனைவியாரது கணினியைத் தமது லினக்ஸ் கணினியோடு இணைக்க அவர் விரும்பியபொழுது, பழைய நிரலை எடுத்து ஓட்டிப் பார்த்தார், அது இயங்கியது. ஈண்டு வாசகர் நோக்கற்பாலது ஒன்றுண்டு. இன்று உலகெங்கணும் அலுவலகங்களில் இயங்கும் அம்மென்பொருளின் மறுபிறப்பு ஒரு மனையில், இருவேறு கணினிகளை இணைக்கும் முயற்சியில் நிகழ்ந்தது. அதற்குப் பெயர் தேடியபொழுது எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் முறையே வரும் சொல்லொன்றை அகராதியில் தேடச் செய்து, சாம்பா என்னும் பிரேசில் நாட்டுக் கூத்தின் பெயரை இட்டனர்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் தம் மொழியின் இலக்கணத்தை எளிதில் வெளியிட்டாரல்லர். 2004 இல் ஐரோப்பிய ஆணையம் அந்நிறுவனத்திற்கு 49 கோடி 70 இலட்சம் யூரோவிற்கு மேற்பட்ட தண்டம் விதித்ததோடு, பிறர் மென்பொருள்கள் தம் கணினிகளோடு பேசுதற்கு வேண்டும் விவரங்களை அளித்தல் வேண்டும் என்றும் பணித்தது. 2007 செப்டம்பர்த் திங்களில் ஐரோப்பிய நீதிமன்றம் அம்முடிவை உறுதி செய்தது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில், ஒருமுறை செலுத்தும் 10,000 யூரோ கட்டணத்திற்குச் சாம்பாக் குழுவினர் அவ்விலக்கணத்தைப் பெற்றனர். ஒரு மொழியின் இலக்கணம் யாருடைமை என்னும் வினா வழக்குமன்றம் ஏறியதென்றால், அது கணினி வல்லார்க்கு மட்டும் உரிய பேச்சன்று. நம் வீட்டு மேக்கும் லினக்ஸும் விண்டோஸும் இன்று ஒரே கோப்புறையைத் திறப்பது அவ்வழக்கின் பயனும் ஆகும். 2013 இல் ஆப்பிளாரும் தம் பழைய மொழியைப் பின்னிறுத்தி எஸ்எம்பியையே முதன்மையாகக் கொண்டனர். 2019 முதல் ஐபோனின் கோப்புச் செயலியும் அதனைப் பேசுகின்றது. ஆண்டிராய்டிற்குக் கட்டணமில்லாச் செயலிகள் பல உள.

செய்முறையை நீட்டித்துரைத்தல் வேண்டா. மனையிலுள்ள கணினிகளுள் ஒன்றைக் களஞ்சியமாகக் கொள்க; பழைய மேசைக் கணினியே போதும். அதில் லினக்ஸும் சாம்பாவும் நிறுவி, பெரியதொரு ஹார்ட் டிஸ்கை இணைத்து, குடும்பத்தார் ஒவ்வொருவர்க்கும் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்து, பொதுக் கோப்புறை ஒன்றும் தனிக் கோப்புறைகளும் வகுத்துவிடலாம். அக்கணினியின் முகவரி நாளுக்கொன்றாய் மாறாதபடி ரௌட்டரில் அதனை ஒதுக்கி வைத்தல் நன்று. பின்னர் ஏனைய கணினிகளில் அம்முகவரியைக் கொடுத்துப் புகலாம். அரை நாள் வேலை. ஒன்று மற்றொன்றைக் காணவில்லையெனின் பெரும்பாலும் காரணம் இரண்டனுள் ஒன்றாகும்: விண்டோஸ் அவ்வலையைப் பொதுவிடம் என்று கருதிக் கதவடைத்திருக்கும், அல்லது ஒரு கணினி ரௌட்டரின் விருந்தினர் வலையிற் புகுந்திருக்கும். விருந்தினர் வலையில் உள்ளோர் பிறரைக் காணாதபடி தடுத்தல் அதன் இயல்பு.

வைஃபையை மட்டும் நம்பியிருத்தலை யாம் விரும்புகிலேம். நம் பழைய வீடுகளின் தடித்த சுவர்கள் அலையை உண்டுவிடும். களஞ்சியக் கணினியையேனும் வடத்தால் ரௌட்டரோடு பிணைத்தல் வேண்டும். நொடிக்கு ஆயிரம் மெகாபிட் செல்லும் கேபிள் 100 மீட்டர் வரை தளராது ஓடும். எம்மனைக்கு அவ்வளவு நீளம் வேண்டுவதில்லை.

மின்செலவையும் எண்ணல் வேண்டும். 50 வாட் இழுக்கும் மேசைக் கணினி இராப்பகல் ஓடின் இரு திங்களில் 72 யூனிட் ஆகும். நம் மாநிலத்தில் இரு திங்கட்கொருமுறை கணக்கெடுப்பாராதலின் அட்டையில் அது தெளிவாகத் தோன்றும். வேண்டும்பொழுது மட்டும் இயக்குதல் ஒரு வழி. 5 வாட் அளவில் அமையும் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியை அமர்த்துதல் மற்றொரு வழி. அதற்கு அக்காலத்து 7 யூனிட் அளவே செல்லும்.

காவலைப் பற்றி ஒன்று சொல்லாது விடலாகாது. 2017 ஆம் ஆண்டு மேத் திங்களில் வன்னாகிரை என்னும் தீநிரல் உலகில் 150 நாடுகளுக்கு மேற் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளையும் முடக்கியது. அது புகுந்த வாயில் எஸ்எம்பியின் பழைய முதற்பதிப்பே. பிழையைத் திருத்தும் மருந்தை மைக்ரோசாப்டினர் அதற்கு இரு திங்கள் முன்னரே வெளியிட்டிருந்தனர். இட்டுக்கொள்ளாதாரே பெரிதும் இடருற்றனர். ஆகவே அம்முதற்பதிப்பை எக்கணினியிலும் திறந்து வைத்தல் கூடாது. பழைய பொறியொன்று அதையே வேண்டுமெனின், அப்பொறியை விலக்கி வைக்க. கடவுச்சொல்லின்றிப் புகும் விருந்தினர் வாயிலையும் அடைத்தல் வேண்டும். வீட்டார்தாமே, கடவுச்சொல் எதற்கு என்பாரும் உளர். வீட்டாரை நோக்கியன்று, வீட்டாருள் ஒருவரது கணினியிற் புகும் தீநிரலை நோக்கியே அக்கதவு. களஞ்சியத்தை வெளியூரினின்று திறத்தற்பொருட்டு ரௌட்டரில் எஸ்எம்பிக்கு வழி திறந்துவிடுதலோ, வீதிக்குக் கதவின்றி வீடு கட்டுதலை ஒக்கும்.

தமிழ் மாணவர்க்கு இதனில் தனியானதொரு சிக்கல் உண்டு. இதனைப் பிறர் எழுதக் கண்டிலேம். தொல்காப்பியம் என்று பெயரிட்டு ஒரு கோப்பை மேக்கில் வைத்தோம் என்க. தகரத்தோடு சேரும் ஒகரக் குறியை யூனிகோடு முறையில் இருவகையாற் குறிக்கலாம்: ஒரே குறியாகவும் குறிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகிய இரு குறியாகப் பிரித்தும் குறிக்கலாம். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோட்டின் விதி. மேக்கின் பழைய வட்டுமுறை எப்பெயரையும் பிரித்தே எழுதி வைத்தது. லினக்ஸோ கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொண்டு, இரண்டையும் வெவ்வேறு பெயராகக் கருதும். விளைவு யாதெனின், ஒரே கோப்புறையில் தொல்காப்பியம் இரண்டு தோன்றும். கண்ணிற்கு அணுவளவும் வேறுபாடு தெரியாது. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று திருந்தாது. கோவை, மௌனம் என்றாற்போல ஓகாரமும் ஔகாரமும் ஏறிய பெயர்க்கும் இதே நிலை. ஆங்கிலப் பெயரில் இக்குழப்பம் இன்மையால் இதனை வல்லாரும் எளிதிற் காணார். 2017 இல் ஆப்பிளார் கொணர்ந்த புதிய வட்டுமுறை இருவகையையும் ஒன்றாகக் கொள்கின்றது. எனினும் பழைய வட்டுகளினின்று படியெடுத்த கோப்புகள் பிரிந்த பெயரோடேயே உலவுகின்றன. ஒகர ஓகார ஔகாரம் ஏறிய பெயர்களைக் களஞ்சியக் கணினியில் ஒருமுறை தட்டச்சுச் செய்து திருத்திவிடின் இடர் நீங்கும். மற்றொருபுறம், லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறெனக் கொள்வதால் ஆங்கிலப் பெயர்க்கு வரும் மயக்கம் தமிழ்ப் பெயர்க்கு இல்லை. நம் மொழியில் அவ்வேறுபாடே இன்று. வினாக்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றைக் கோப்பின் பெயரிற் சேர்த்தல் மட்டும் ஆகாது, விண்டோஸ் ஏலாது.

இத்துணை முயற்சி எதற்கு, யாவற்றையும் கூகுள் முதலியோரது கிளவுடில் வைத்துவிடலாமே என்பது நண்பர் பலர் எம்மைக் கேட்கும் வினா. எளிமை அவர் பக்கத்தே உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றேம். ஆயினும் கூகுள் போட்டோஸ் அளவின்றிப் படங்களை ஏற்றுவந்த காலம் 2021 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளோடு முடிந்தது. இன்று கட்டணமின்றிக் கிடைப்பது 15 ஜிகாபைட். அதனுள் அஞ்சலும் அடங்கும். அதற்குமேல் வாடகை. குடும்பத்தின் படங்களும் பத்திரங்களும் பாட்டியாரது குரற்பதிவும் ஒருவர் கைபேசிக் கணக்கிற் கிடந்து, அக்கணக்கின் கடவுச்சொல் மறைந்துழி யாவும் மறைதல் அஞ்சத்தக்கது. வாடகைப் பெட்டியிற் படி ஒன்று வைத்தல் தகும். மூலம் மனையில் இருத்தல் வேண்டும்.

மனையே காவலென்று இறுமாந்திருத்தலும் ஆகாது. 2023 டிசம்பர்த் திங்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிற் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேற் பதிவாயிற்று. அன்று வீடுகளிற் புகுந்த வெள்ளம் கணினி என்றும் கட்டில் என்றும் பாராது. ஹார்ட் டிஸ்க் வெள்ளமின்றியும் ஒருநாள் நின்றுபோகும். ஆகவே இரண்டாம் படி ஒன்று வேறொரு டிஸ்கில் சித்தப்பா வீட்டிலோ, அத்தை வீட்டிலோ இருக்கட்டும். பண்டிகைக்குச் செல்லுங்கால் புதிய படியைக் கொடுத்துப் பழையதை வாங்கி வரலாம்.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். எமக்கு இதுவே மிகவும் உறுத்துவது. இவ்வமைப்பைப் பெரும்பாலும் வீட்டில் ஒருவரே, அதிலும் ஆண்மக்களுள் ஒருவரே, செய்கின்றனர். அவர் விடுதிக்கோ வேலைக்கோ சென்றபின், ரௌட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தால் அன்னையார் தம் புகைப்படங்களைத் திறக்க மாட்டாது கைபேசியில் அழைத்துக் காத்திருக்கின்றார். நிறுவனத்தார்க்கு அடிமையாகாத மனை தன் மகனொருவனுக்கு அடிமையாதல் எங்ஙனம் தகும்? அமைக்கும் நாளிலேயே அன்னையாரையும் தங்கையையும் அருகிருத்தி, அவர் கையாலேயே கோப்புறையைத் திறக்கச் செய்தல் வேண்டும். நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை ரௌட்டரின் அருகே ஆணியில் தொங்கவிடுக. களஞ்சியக் கணினியின் முகவரி, ஒவ்வொரு பொறியின் பெயர், வைஃபையின் கடவுச்சொல், எதை முதலில் இயக்குவது எதைப் பின்னர் இயக்குவது என்பன அதன் முதற்பக்கத்தில், அன்னையார் கையெழுத்தில், மையால் எழுதப்பட்டிருக்கட்டும். கோப்புறைகளின் கடவுச்சொற்களை அதில் எழுதற்க. அவை பத்திரங்களோடு பீரோவில் இருக்கட்டும்.